பச்சிளம் குழந்தை பராமரிப்பு: முதல் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மாத ஊசி வரை

பிரசவ வார்டில் வேலை பார்ப்பதால் எனக்குப் பாட்டிகளோடு பழக்கம் அதிகம். மகளின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, வெந்நீர் பிளாஸ்கும் துணிப்பையுமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாக்களுக்குத் தெரிந்தது நிறைய. எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை ஈரத்துணிக்கு, தலையை எப்படித் தாங்கித் தூக்க வேண்டும், எப்படிச் சாய்த்தால் ஏப்பம் வரும் என்பதெல்லாம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. அதே கைதான் சில நேரம் சேனைத் தண்ணீரையும் வசம்பையும் எடுத்துக்கொண்டு வருகிறது. முதல் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எதைக் கேட்பது, எதை மறுப்பது என்று தெரியாமல் தவிப்பு.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். அழுத்துவதும் பிதுக்குவதும் தவிர, தூக்குவது, அணைப்பது, தடவுவது, தட்டித் தூங்க வைப்பது, உற்றுக் கவனிப்பது என்று கையாலும் கண்ணாலும் செய்கிற வேலை எல்லாவற்றிலும் பாட்டி சொல்வதைக் கேளுங்கள். வாய், மூக்கு, காது, கண், தொப்புள் வழியாக எதையாவது உள்ளே போடச் சொன்னால் அங்கே நிறுத்துங்கள். தாய்ப்பாலுக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக்கும் மட்டும் அந்த வழிகள் திறக்கட்டும். இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: எட்டாம் மாதத்திலேயே முடிக்க வேண்டியவை

பழைய பருத்தி வேட்டி, நூல் சேலை இரண்டு மூன்றைக் கிழித்து, துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து மடித்து வையுங்கள். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது என்ற வழக்கம் நல்ல வழக்கம். கஞ்சியும் சாயமும் போன மெத்தென்ற துணிதான் அந்தத் தோலுக்கு ஏற்றது. கூடவே தொப்பி, காலுறை, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், பால் புகட்டும் சின்னக் கிண்ணமான பாலாடை ஒன்று. தாய் சேய் நல அட்டை, கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த ஆர்.சி.எச். எண், தாயின் ரத்த வகை எழுதிய சீட்டு மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும்.

துணியைவிட முக்கியம் ஒரு பேச்சு. குழந்தை பிறந்ததும் யார் சேனை வைப்பது என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு மரியாதைக்குரிய விஷயம். பிரசவ அறை வாசலில் நின்று அதைப் பேசினால் மனத்தாங்கலில்தான் முடியும். முன்கூட்டியே, கணவரும் உட்கார்ந்திருக்கும்போது, "அத்தை, முதலில் தாய்ப்பால்தான் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. நீங்கதான் முதலில் மடியில் வாங்கிப் பெயர் சொல்லிக் கூப்பிடணும்" என்று சொல்லிவிடுங்கள். சர்க்கரைத் தண்ணீர் போய், அந்த மரியாதை மட்டும் அப்படியே நிற்கும்.

படி 2: முதல் ஒரு மணி நேரம்

குழந்தை பிறந்ததும் ஈரம் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் குப்புறப் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தாயின் வயிற்றுக்குள் இருந்த சூட்டிலிருந்து வெளியே வந்த ஈர உடம்பு வேகமாகக் குளிர்ந்துவிடும். அதைக் காப்பாற்றத் தாயின் தோலைவிட நல்ல இடம் கிடையாது. எடை பார்ப்பது, போட்டோ எடுப்பது எல்லாம் அப்புறம் நடக்கட்டும். அழுது, மூச்சு சீராக இருக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் நஞ்சுக்கொடியிலிருந்து கூடுதல் ரத்தம் போய்ச் சேரும். பின்னாளில் ரத்தசோகை குறையும்.

அப்படி நெஞ்சில் கிடக்கும் குழந்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் அசையாமல் கிடக்கும். பிறகு கையை வாய்க்குக் கொண்டு போகும், நாக்கை நீட்டும், காலால் உந்தி மெல்ல மேலே ஊரும். அரை மணி, முக்கால் மணியில் தானாகவே மார்பைத் தேடி வாய் வைக்கப் பார்க்கும். அவசரப்பட்டுத் தலையைப் பிடித்து அழுத்தாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இந்த நேரத்தைத்தான். சிசேரியன் ஆனாலும், முதுகில் ஊசி போட்டு விழித்திருக்கும் தாயாக இருந்தால் இது முடியும். கூடவே ஒருவர் நின்று குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மாடு கன்று போட்டால் சீம்பாலைத் தேடி வாங்கி, வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆசையாகச் சாப்பிடுகிறோம். தாயின் சீம்பாலை மட்டும் கெட்ட பால் என்று பீச்சி வெளியே விடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும் அந்தப் பாலில்தான் நோய் எதிர்ப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது.

தேன் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, உடம்பைத் துவள வைக்கும் விஷத்தை உண்டாக்கும். தெருவில் கழுதையைக் கூட்டி வந்து கறந்து கொடுக்கும் பாலும் அப்படித்தான், கொடுக்க வேண்டாம். காய்ச்சாத மிருகப் பால் அது.

முதல் 24 மணி நேரத்துக்குள் வைட்டமின் கே ஊசி, காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி நான்கும் போட்டாயிற்றா என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். வைட்டமின் கே ஊசி போடாத குழந்தைக்கு நாட்கள் கழித்துக்கூட திடீர் ரத்தக்கசிவு வரலாம்.

படி 3: முதல் மூன்று நாள், பால் இறங்கும் வரை

"பால் இறங்கலையே சிஸ்டர், ஒரு வேளை பவுடர் பாலாவது கொடுக்கட்டுமா?" வார்டில் இரண்டாம் நாள் ராத்திரி எந்தக் கட்டிலிலாவது இந்தக் கேள்வி வராமல் இருக்காது. குழந்தை வீறிடும், தாய் அழுவாள், பாட்டி முகம் வாடும். அந்த ஒரு ராத்திரியில் உறுதியாக நின்றுவிட்டால் பிறகு பெரும்பாலும் பிரச்சினை வராது.

முதல் நாள் குழந்தையின் வயிற்றில் ஒரு வேளைக்கு ஐந்து முதல் ஏழு மில்லிதான் கொள்ளும். ஒரு சின்னத் தேக்கரண்டி அளவு. சீம்பாலும் சரியாக அந்த அளவுதான் வரும். பால் நிறையச் சுரப்பது இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள். அதைச் சுரக்க வைப்பது குழந்தை சப்புவதுதான். சப்பச் சப்பத்தான் மூளைக்குத் தகவல் போய்ச் சுரப்பு கூடும், அதுவும் ராத்திரியில் அதிகம். இடையில் பவுடர் பாலால் வயிற்றை நிரப்பினால் குழந்தை தூங்கிவிடும், மார்புக்கு வேலை இருக்காது, பால் குறையும். பிறகு நிஜமாகவே பால் போதாமல் போகும். நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை, கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். முதல் சில வாரங்களில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் பாதத்தை வருடி எழுப்பிக் கொடுங்கள்.

பால் கொடுக்கும் முறையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலை மட்டும் திரும்பி, உடம்பு வானத்தைப் பார்த்துக் கிடந்தால் விழுங்க முடியாது. காதும் தோளும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில். முலைக்காம்பால் மேலுதட்டை மெதுவாகத் தொடுங்கள். கொட்டாவி விடுவது போல வாயைப் பெரிதாகத் திறக்கும் வரை பொறுத்திருந்து, திறந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டு வாருங்கள். நீங்கள் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டு போனால் சாயங்காலத்துக்குள் முதுகு போய்விடும்.

சரியாகப் பிடித்திருந்தால் தாடை மார்பில் அழுந்தியிருக்கும். கீழுதடு வெளிப்பக்கமாக மடிந்திருக்கும். காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே தெரியாது. முதலில் வேகமாகச் சப்பி, பிறகு நிதானமாக, நடுநடுவே விழுங்கும் சத்தம் கேட்கும். முதல் சில நொடி வலி இருக்கலாம். கொடுக்கும் நேரம் முழுக்க வலித்தால், காம்பு நசுங்கி வெளியே வந்தால், பிடி சரியில்லை. சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயில் விட்டு எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். காம்பு வெடிப்பில் பெரும்பகுதி இந்தப் பிடியைத் திருத்தினாலே ஆறிவிடும். கடைசியில் வரும் பாலில் ஒரு துளியைத் தடவிக் காற்றில் உலர விடுங்கள்.

சப்ப முடியாத சின்னக் குழந்தைக்கு, அல்லது தாயும் சேயும் வேறு வேறு வார்டில் இருந்தால், பாலைச் சுத்தமான கையால் பீச்சி எடுத்துப் பாலாடையில் புகட்டுங்கள். பால் பாட்டில் வேண்டாம். குறைமாதக் குழந்தைகளின் சிறப்புப் பிரிவுகளிலும் இந்தப் பாலாடையைத்தான் பயன்படுத்துகிறார்கள். சுற்றி மூலைமுடுக்கு இல்லாததால் கழுவி, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வது சுலபம். தலையை உயர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். மல்லாக்கப் போட்டு வாயில் ஊற்றும் பழைய முறையில் புரை ஏறும்.

ரத்தத்தில் சர்க்கரை குறைந்த குழந்தை, உடல் நலமில்லாத தாய் போன்ற நேரங்களில் மருத்துவரே மாற்றுப் பால் சொல்லலாம். சொன்னால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள். காரணமே இல்லாமல் யாராவது ஒரு டப்பாவின் பெயரைச் சொல்லி வாங்கச் சொன்னால், குழந்தைப் பால் பவுடரை விளம்பரம் செய்வதையும் இலவசமாகக் கொடுத்துப் பழக்குவதையும் தடுக்க 1992இலிருந்தே இந்தியாவில் சட்டம் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

படி 4: பால் போதுகிறதா என்று துணியைப் பார்த்துச் சொல்வது

மார்பை அழுத்திப் பார்த்தோ, குழந்தையின் அழுகையை வைத்தோ இதைச் சொல்ல முடியாது. நனைந்த துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை என்று ஏறி, ஐந்தாறு நாளில் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் வெளிர் நிறத்தில் சிறுநீர் போனால் பால் போதுகிறது. எப்போதும் டயாப்பர் கட்டி வைத்தால் இந்தக் கணக்கு தெரியாமல் போகும். அதனால்தான் முதல் இரண்டு வாரமாவது துணி கட்டச் சொல்கிறேன்.

முதல் மலம் கருப்பாக, பிசுபிசுவென்று 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும். மூன்றாம் நாள் பச்சை கலந்து, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு தடவை பால் குடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகப் போகும். தாய்ப்பால் குழந்தைக்கு இது இயல்பு. வயிற்றுப்போக்கு என்று மருந்து தேட வேண்டாம்.

பிறந்த எடையில் பத்து சதவீதம் வரை முதல் சில நாளில் இறங்கும். மூன்று கிலோ குழந்தை 2.7 கிலோவுக்கு வந்தால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அதற்குக் கீழே போகக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டு, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும்.

ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். பாலிலேயே தண்ணீர்தான் அதிகம். உரை மருந்து, கிரைப் வாட்டர், வசம்பு எதுவும் வேண்டாம். பிள்ளை வளர்ப்பான் என்றே வசம்புக்குப் பெயர் இருப்பதால் இதைச் சொல்லும்போது பாட்டிகளுக்கு வருத்தம் வருவது தெரியும். ஆனால் வசம்பில் இருக்கும் ஆசரோன் என்ற பொருள் நச்சு. அமெரிக்காவில் 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். பெரியவர்கள் உணவுக்கே ஆகாததை மூன்று கிலோ உடம்புக்குள் உரைத்து ஊற்றக் கூடாது.

வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் தினமும் 400 யூனிட், ஒரு வயது வரை கொடுக்கச் சொல்வார்கள். ஒரு மில்லியில் 400 இருக்கும் மருந்தும் உண்டு, 800 இருக்கும் மருந்தும் உண்டு. பாட்டில் மாறும்போது அளவை மறுபடி கேளுங்கள்.

படி 5: சூடு பார்ப்பது

இது தாய்மார்கள் புறங்கையாலேயே செய்துவிடக்கூடிய பரிசோதனை. குழந்தையின் வயிற்றைத் தொடுங்கள், பிறகு பாதத்தைத் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக, பாதம் இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தைக்குக் குளிரத் தொடங்கிவிட்டது. உடனே மார்போடு அணைத்துப் போர்த்துங்கள். இரண்டுமே சில்லென்று இருந்தால் ஆபத்து. அணைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தெர்மாமீட்டரில் பார்த்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 97.7 முதல் 99.5 ஃபாரன்ஹீட் சரியான அளவு.

எடை குறைந்த குழந்தைகளுக்கு இந்த அணைப்பே சிகிச்சை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தாயின் நெஞ்சிலேயே குறைமாதக் குழந்தைகளைக் கட்டி வைக்கத் தொடங்கினார். அதைத்தான் இன்று கங்காரு பராமரிப்பு என்கிறோம். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டும். மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, கால்களைத் தவளை போல மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு தெரியும்படி ஒரு சேலைத் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம். தாய் குளிக்கப் போகும்போது அப்பாவோ பாட்டியோ வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அந்த வேலையைக் கொடுத்த பிறகு வசம்பு உரைக்க எந்தப் பாட்டியும் எழுந்து போனதை நான் பார்த்ததில்லை.

வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. மே மாதத்தில் கம்பளித் தொப்பியும் மூன்று அடுக்குத் துணியும் சுற்றினால் குழந்தை சூடேறித் துவண்டுவிடும். நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு அதிகம், அது போதும். மின்விசிறி ஓடலாம்.

படி 6: தொப்புள்

எதுவும் வைக்க வேண்டாம். சாம்பல், மஞ்சள், விளக்கெண்ணெய், பவுடர், சாணம் எதுவும் வேண்டாம். உலர்வாக, காற்றுப்படும்படி விட்டு, இடுப்புத் துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானாக விழும். விழுந்த இடத்தில் ஒன்றிரண்டு சொட்டு ரத்தக்கசிவு இயல்பு. சுற்றிலும் சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், நாற்றம் அடித்தால் அன்றைக்கே காட்டுங்கள். தொப்புளில் வைத்த அழுக்கு வழியாக வந்த ரண ஜன்னி (டெட்டனஸ்) ஒரு காலத்தில் எத்தனையோ குழந்தைகளைக் கொண்டு போனது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டு, சுத்தமான பிரசவத்தைப் பழக்கித்தான் 2015இல் இந்தியா அந்த நோயை ஒழித்த நாடானது. காசு கொடுத்து உதிர்ந்த கொடியைத் தாயத்தில் அடைப்பது உங்கள் விருப்பம். அதைக் குழந்தையின் கழுத்தில் மட்டும் கட்ட வேண்டாம்.

படி 7: குளியல்

முதல் குளியல் 24 மணி நேரம் கழித்துத்தான். எடை குறைந்த குழந்தையை, எடை ஏறி மருத்துவர் சரி என்று சொல்லும் வரை, வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும்.

நம் ஊர்க் குளியல் ஒரு கலை. குளிப்பாட்டுகிற அம்மா தாழ்வான பலகையில் உட்கார்ந்து, சேலையைத் தொடை வரை ஏற்றி, இரண்டு காலையும் நீட்டிக்கொள்வார். முழங்காலுக்குக் கீழே இரு கால்களுக்கும் நடுவே விழும் பள்ளத்தில் குழந்தை கச்சிதமாக அடங்கும். முதலில் குப்புற, அப்புறம் மல்லாக்க. தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கை தலையைத் தாங்க, மறு கை சின்னச் சொம்பால் கழுத்துக்குக் கீழே ஊற்றும். குழந்தை வழுக்காது, நீரில் மூழ்கும் பயமும் இல்லை. இந்தப் பிடியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறைக்கு நீங்கள்தான் காட்ட வேண்டும்.

குளியலுக்கு முன் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதும் நல்லது. எடை குறைந்த குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்ப்பதால் எடை கூடுவதாக ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. மிருதுவாக, நெஞ்சிலிருந்து கை நோக்கி, தொடையிலிருந்து பாதம் நோக்கி, பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழித்துத் தேய்க்க வேண்டும். மூட்டுகளை முறுக்க வேண்டாம்.

அந்தக் காலிலேயே கிடத்தி வைத்துச் செய்கிற வேறு சில காரியங்களை விட்டுவிட வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது, தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பது, மூக்கு நீளவும் தலை உருண்டையாகவும் அழுத்துவது. எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியாவாகும். விரல் நகம் தொண்டையைக் கீறும். எல்லாவற்றையும்விட முக்கியம் குழந்தையின் மார்பைப் பிதுக்காமல் இருப்பது. ஆண், பெண் எந்தக் குழந்தைக்கும் தாயிடமிருந்து வந்த ஹார்மோனால் மார்பு வீங்கி, பால் போல் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். சில வாரங்களில் தானாக வடிந்துவிடும். பிதுக்கினால் சீழ்க்கட்டி ஆகி, கீறி எடுக்க வேண்டி வரும்.

குளித்ததும் முதலில் தலையைத் துடைத்து, கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஈரம் போக ஒற்றி எடுங்கள். பவுடர் வேண்டாம், தூள் மூச்சில் போகும். சாம்பிராணிப் புகையும் அப்படியே. கூடையைக் கவிழ்த்துத் தலைமுடியைப் புகையில் காட்டும் வழக்கம் பார்க்க அழகுதான், ஆனால் அந்தப் பிஞ்சு நுரையீரல் தாங்காது. சாமி அறைச் சாம்பிராணியையும் கொசுவர்த்தியையும் குழந்தை இருக்கும் அறையில் ஏற்றாதீர்கள். கண் மை இடாதீர்கள். பல மைகளில் ஈயம் இருக்கிறது, விரல் வழியாகக் கிருமியும் போகும். திருஷ்டிக்குப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்காலில் வையுங்கள்.

படி 8: தூக்கம்

நாளைக்கு 16, 17 மணி நேரம் தூங்கும். எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். கெட்டியான படுக்கை, தலையணை வேண்டாம், முகத்துக்குப் பக்கத்தில் பஞ்சும் பொம்மையும் வேண்டாம். தாய்க்குப் பக்கத்திலேயே, ஆனால் தனி விரிப்பில். குடித்தவரும் புகைபிடித்தவரும் குழந்தையோடு படுக்கக் கூடாது.

தூளியை முதல் மாதத்தில் நான் ஊக்குவிப்பதில்லை. சேலையின் வளைவில் குழந்தையின் தாடை நெஞ்சில் போய் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும், அதற்குத் தலையைத் தூக்கத் தெரியாது. ஆட்டித் தூங்க வைக்கத் தூளிதான் வழி என்றால், ஒருவர் பக்கத்திலேயே இருந்து முகம் தெரியும்படி பார்த்துக்கொண்டு, தூங்கியதும் எடுத்துத் தரையில் விரிப்பில் போடுங்கள். தாலாட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். வயிற்றுக்குள்ளிருந்தே கேட்ட குரல் அது.

படி 9: மஞ்சள் (காமாலை)

நிறைமாதக் குழந்தைகளில் பத்தில் ஆறு பேருக்கு மஞ்சள் தெரியும், குறைமாதத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு. இரண்டாம் மூன்றாம் நாளில் முகத்தில் தொடங்கி, ஐந்தாம் நாள் வரை ஏறி, இரண்டு வாரத்துக்குள் வடிந்தால் கவலையில்லை. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் பாதத்திலும் விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஏமாந்துவிடுவோம்.

முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், உள்ளங்கை உள்ளங்காலுக்கு வந்துவிட்டால், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. தாய் ஓ வகை ரத்தமாகவோ நெகட்டிவாகவோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அளவு மீறிய மஞ்சள் மூளையைத் தாக்கும், பிறகு எதுவும் செய்ய முடியாது. வேர் கட்டுவது, சூடு போடுவது என்று அலைந்து ஒரு நாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

வெயிலில் காட்டினால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மஞ்சளுக்கு மருத்துவமனையில் வைக்கும் நீல விளக்கே அந்த எண்ணத்திலிருந்துதான் வந்தது. இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் 1950களில் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டு போவார். வெயில் பட்ட இடம் வெளுத்தும், துணி மறைத்த இடம் மஞ்சளாகவும் இருந்ததை மருத்துவர்களுக்குக் காட்டியது அவர்தான். 1958இல் விளக்கொளி சிகிச்சை பற்றிய கட்டுரை வந்தது. விளக்கில் அளவு தெரியும், முழு உடம்பிலும் படும், ராத்திரியிலும் எரியும். காலை வெயிலில் பத்து நிமிடம் காட்டுவதால் கெடுதல் இல்லை. சிகிச்சை தேவைப்படும் மஞ்சளுக்கு அது போதாது.

இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் நீடித்து, மலம் வெள்ளைச் சுண்ணாம்பு நிறத்தில் போனால், சிறுநீர் அடர் மஞ்சளாகத் துணியில் கறை படிந்தால் கொஞ்சமும் காத்திருக்காதீர்கள். பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன்.

படி 10: பயப்பட வேண்டாதவை

விக்கல், தும்மல், குடித்ததில் கொஞ்சம் கக்குவது, சிறுநீர் போகும் முன் அழுவது, தோல் உரிவது, மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளிகள், முதுகில் நீலத் திட்டு, இரண்டாம் நாளில் கொசுக்கடி போலச் சிவந்த தடிப்பு, பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் வெள்ளைப்படுதலோ துளி ரத்தமோ, எல்லாம் இயல்பு. இவற்றுக்குத் தொக்கம் எடுக்கவோ மந்திரிக்கவோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் மட்டும் அது வேறு விஷயம், குடல் அடைப்பாக இருக்கலாம், உடனே கிளம்புங்கள்.

படி 11: உடனே கிளம்ப வேண்டியவை

பச்சிளம் குழந்தைக்கு நோய் வந்தால் காய்ச்சல், இருமல் என்று தெளிவாகக் காட்டாது. பால் குடிப்பது குறையும், அழுகை மெலியும், கை கால் துவளும். "நேத்து மாதிரி இல்ல சிஸ்டர்" என்று ஒரு தாய் சொன்னால் நான் அதைப் பரிசோதனை முடிவு போலவே எடுத்துக்கொள்வேன்.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி ஒரு நிமிடம். இரண்டாம் தடவையும் அப்படியே என்றால் கிளம்புங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே குழிந்தாலும், முனகல் சத்தம் வந்தாலும், உதடும் நாக்கும் நீலமானாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

வலிப்பு, எழுப்பியும் எழாத மயக்கம், இரண்டு வேளை தொடர்ந்து பால் குடிக்காமை, அணைத்து வைத்தும் ஏறாத குளிர்ச்சி, 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல், தோலில் பெரிய சீழ்க் கொப்புளங்கள் இவையும் அப்படியே. 108க்கு அழையுங்கள். போகும் வழியில் குழந்தை தாயின் தோலோடு அணைந்தபடி வரட்டும், குடிக்க முடிந்தால் பால் கொடுங்கள்.

வீட்டிலிருந்தே இவற்றைக் கண்டுபிடிக்க முடியுமா என்று சந்தேகம் வேண்டாம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1990களில் கிராமத்துப் பெண்களுக்கும் தாய்மார்களுக்கும் இந்த அறிகுறிகளைப் பழக்கி, வீடு வீடாகப் போய்ப் பார்க்க வைத்தார்கள். அந்தக் கிராமங்களில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததை 1999இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதை ஒட்டித்தான் 2011இல் நாடு முழுவதற்கும் வீட்டுவழிப் பராமரிப்புத் திட்டம் வந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும். உங்கள் பகுதிச் செவிலியர் எண்ணைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, அவர் வராவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள்.

படி 12: தாய்

பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது இன்னும் நடக்கிறது. வயிறு போட்டுவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். தண்ணீர் இல்லாமல் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு, கருவாடு எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். அதோடு காய், பழம், பருப்பு, முட்டையும் சேரட்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

ரத்தப்போக்கு அதிகமானால், காய்ச்சல் வந்தால், கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால், தலைவலியோடு கண் மங்கினால் தாயைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் வாரத்தில் காரணமில்லாத அழுகை வந்து போவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால் அது நோய், மருத்துவம் உண்டு. "பெத்தவ இப்படிப் பேசலாமா" என்று அதட்டாதீர்கள். ராத்திரி ஒரு முறை குழந்தையைத் துணி மாற்றி ஏப்பம் எடுக்க வைத்து, அவளை அடுத்த பால் வேளை வரை தடையில்லாமல் தூங்க விடுங்கள். அப்பா செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான்.

படி 13: ஒன்றரை மாத ஊசி வரை

பி.சி.ஜி. போட்ட இடது தோளில் சில வாரம் கழித்துச் சின்னக் கட்டி வந்து, உடைந்து, தழும்பாகும். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. எண்ணெய், மஞ்சள், களிம்பு எதுவும் போடாதீர்கள், பிதுக்காதீர்கள்.

ஆறு வாரம் முடிந்ததும், அதாவது ஒன்றரை மாதத்தில், ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட், போலியோ சொட்டும் ஊசியும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா, நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் மருந்துகள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம். லேசான சளி இருந்தாலும் போடலாம். ஊசி போட்டு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அன்று ராத்திரி காய்ச்சல் வந்தால் கொடுக்க வேண்டிய சொட்டு மருந்தின் அளவைக் குழந்தையின் எடையைச் சொல்லிச் செவிலியரிடம் எழுதி வாங்குங்கள். தொடையில் வீக்கத்துக்குச் சுத்தமான ஈரத்துணி ஒத்தடம் போதும், தேய்க்க வேண்டாம். அன்றைக்கே எடையைப் பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லி, பத்தாவது வார ஊசிக்கான தேதியையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.